தில்லைப் பாலும் ஓர் ஆக்சிஜன் அணுவும்

அந்தமானில் பாரதாங் தீவின் படகுத்துறையிலிருந்து சுண்ணாம்புக் குகைகளுக்குப் போகும் படகுகள், பரந்த நீர்வழியில் வேகமாகப் போய், கடைசியில் ஒரு குறுகிய ஓடைக்குள் திரும்பி மெதுவாகும். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. கண்ணில் முதலில் விழுவது நீரோரத்துச் சுரபுன்னைகள். வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றும் அவற்றின் வேர்களைப் படம் எடுக்காதவர் இல்லை. எனக்குப் பிடித்த மரம் அவற்றுக்குப் பின்னால் நிற்கும். தரை கொஞ்சம் மேடு தட்டி, பெரிய ஏற்றத்தின்போது மட்டும் உப்புத் தண்ணீர் வந்து தொட்டுப் போகும் இடம் அது. அதற்கு ஊன்றுவேர் கிடையாது. சேற்றிலிருந்து குத்திட்டு மேலே வரும் மூச்சுவேரும் கிடையாது. வேர்கள் தரைமேலேயே நெளிந்தோடி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இலை வழவழப்பாக, விளிம்பில் மிக லேசான பல்லோடு இருக்கும். உதிரப் போகிற இலை மஞ்சளாகி, பிறகு நன்றாகச் சிவக்கும். பச்சைக் காட்டுக்குள் அங்கங்கே சில இலைகள் மட்டும் சிவந்து தெரிந்தால், அது அநேகமாகத் தில்லை.

தில்லை என்றதும் நமக்கு மரம் நினைவுக்கு வருவதில்லை, கோயில் வந்துவிடுகிறது. சிதம்பரத்தின் தலமரம் இதுவே. இன்று தில்லையை மரமாகப் பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக்கொண்டு போகும் பூக்களில் தில்லை உண்டு. கலித்தொகையின் நெய்தல் பாட்டு ஒன்று கடற்கரைக் கானலில் இதை முண்டகத்தோடு சேர்த்து நிறுத்துகிறது. தமிழ்நாட்டில் இன்று எஞ்சியிருக்கும் அலையாத்திக் காடு கொஞ்சம்தான். அந்தமான் நிக்கோபாரில் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். சங்கப் புலவர்கள் பார்த்த நெய்தல் கானலின் இந்த மரத்தை இன்று தாராளமாகப் பார்க்கக் கிடைப்பது வங்கக் கடலின் அந்தக் கரையில்.

கிளையை ஒடித்தால் பால் வரும். வெள்ளை வெளேரென்று, சொட்டுச் சொட்டாக, நிற்காமல் வரும். தில்லை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பால் வடிப்பது பலருக்கும் பழக்கம். ரப்பர் மரமும் அதே குடும்பம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் குடியேறி, ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுத்தார்கள். அந்தப் பால் கையில் பட்டால் உருட்டித் துடைத்துவிடலாம். அதன் உறவான தில்லையின் பால் அப்படி இல்லை. தோலில் பட்டால் பெரும்பாலும் உடனே ஒன்றும் தெரியாது. பிறகு சிவக்கும், தடிக்கும், கொப்புளம் போடும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, பார்வை சில நாளுக்கு மங்கிப் போவதும் உண்டு. வெட்டப் போகிறவர்கள் எல்லாக் கடற்கரையிலும் இந்த மரத்துக்குப் பயந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதன் பெயரே கண்ணைக் குருடாக்கும் மரம்.

இந்தப் பால் அமிலம் போலச் சதையைத் தின்பதில்லை. தோலின் செல்லில் அது கிழிப்பது எதுவும் இல்லை, துளைப்பது எதுவும் இல்லை. செல் தன் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிற ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறது, அவ்வளவுதான். நிறுத்தச் சொல்ல மட்டும் விடுவதில்லை. இதன் நுட்பத்தைப் படித்த பிறகு, செல்லின் அழகு எங்கே இருக்கிறது என்பதில் என் எண்ணமே வேறாகிவிட்டது. சேதி எப்படித் தொடங்குகிறது என்பதைவிட, அது எப்படி முடிகிறது என்பதில்தான் உயிர் தன் கைத்திறனையெல்லாம் வைத்திருக்கிறது.

1995-இல், வடமேற்கு ஆஸ்திரேலியாவில் சேகரித்த தில்லையின் இலையிலும் தண்டிலுமிருந்து வேதியியலாளர்கள் ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள். எய்ட்ஸ் வைரஸுக்கு எதிராக வேலை செய்யும் பொருளைத் தேடிப் போனவர்கள் அவர்கள். கிடைத்தது ஃபோர்பால் எஸ்டர் என்னும் இனத்தைச் சேர்ந்தது. நான்கு வளையங்கள் ஒட்டிய ஓர் எலும்புக்கூடு. அதன் ஒரு முனையில் சின்னஞ்சிறு ஆக்சிஜன் குழுக்கள், இன்னொரு பக்கத்தில் நீண்ட கொழுப்பு வால். அந்த இனத்தின் மூலக்கூறுகள் விலங்கின் செல்லில் போய் உட்காரும் இடம் புரத கைனேஸ்-சி. எலி மூளையின் சவ்வுகளில் அந்த இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வேறொரு ஃபோர்பாலைத் தில்லையின் மூலக்கூறு வலுவாக விலக்கிவிட்டுத் தான் அமர்ந்துகொண்டது.

புரத கைனேஸ் என்பவை பாஸ்பேட் ஒட்டும் நொதிகள். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யின் கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி, இன்னொரு புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலியில், குறிப்பிட்ட ஒரு கண்ணியில் ஒட்டுவது மட்டுமே அவற்றின் தொழில். அந்தக் கண்ணி செரினாக இருக்கலாம், திரியோனினாக இருக்கலாம், டைரோசினாக இருக்கலாம். பாஸ்பேட் மிகச் சிறியது. ஆனால் அது இரண்டு எதிர்மின்னூட்டத்தோடு வருகிறது. நடுநிலையாக இருந்த ஓரிடத்தில் திடீரென்று அவ்வளவு மின்னூட்டம் வந்ததும், புரதத்தின் மடிப்பு தளர்கிறது, அல்லது இறுகுகிறது, அல்லது பக்கத்தில் இருந்த இன்னொரு புரதம் வந்து ஒட்டுகிறது. 1955 வாக்கில் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையின் ஒரே ஒரு நொதியில் இதைக் கண்டார்கள். நோபல் பரிசு வர 1992 ஆயிற்று. மனித மரபுத்தொகுதியைப் படித்த பிறகு 2002-இல் எண்ணியபோது நமக்குள் 518 கைனேஸ்கள் இருந்தன. அவற்றுள் எனக்கு மனம் நிலைத்தது கைனேஸ்-சியிடம்.

அது எழும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அட்ரினலின் ரத்தத்தில் வருகிறது. ரத்தக் குழாய்ச் சுவரின் தசைச் செல்லில் ஓர் ஏற்பி இருக்கிறது. சவ்வை ஏழு முறை உள்ளும் புறமுமாக ஊடுருவிய புரதம். அட்ரினலின் அதன் வெளிப்பக்கத்தில் அமர்கிறது. உள்ளே அது வரப்போவதில்லை. வெளியே அமர்ந்ததற்கு உட்பக்கத்தின் வடிவம் மாறுகிறது. அந்த மாற்றம் ஒரு ஜி-புரதத்தை எழுப்புகிறது. ஜி-புரதம் ஃபாஸ்ஃபோலிப்பேஸ்-சி என்ற நொதியை எழுப்புகிறது. அந்த நொதி சவ்வின் உள்ளடுக்கில் கொஞ்சமாக மட்டுமே இருக்கும் ஒரு கொழுப்பைப் பிடித்து இரண்டாக வெட்டுகிறது.

வெட்டிய இரண்டு துண்டும் வீணாவதில்லை. ஐ.பி.3 என்ற துண்டு நீரில் கரையும். அது செல்லின் உள்ளே ஓடி, சேமித்து வைத்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. டையசைல்கிளிசரால் என்ற மற்றத் துண்டு நீரில் கரையாது. பிறந்த இடமான சவ்விலேயே கிடக்கிறது. ஒரே வெட்டில் இரண்டு சேதி, ஒன்று நீரில், ஒன்று எண்ணெயில். இதைவிடச் சிக்கனமாக ஒரு வேலையை நான் எங்கும் படித்ததில்லை.

கைனேஸ்-சி இந்த இரண்டுக்கும் காத்திருக்கிறது. செல்லின் நீர்ப் பகுதியில், வாய் அடைபட்டு மிதக்கிறது. வாயை அடைத்திருப்பது வேறு யாருமில்லை, அது தானே. எந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டலாம் என்பதற்கு இந்த நொதிக்கு ஒரு ருசி உண்டு: செரினுக்கோ திரியோனினுக்கோ முன்னும் பின்னும் ஆர்ஜினின், லைசின் போன்ற நேர்மின் கண்ணிகள் இருக்க வேண்டும். கைனேஸ்-சியின் சொந்த உடலின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு துண்டு இருக்கிறது. அடையாளமெல்லாம் அப்படியே பொருந்தும். செரின் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அலனின் இருக்கும். வாய்க்குள் அது கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் பாஸ்பேட் ஒட்ட அதில் இடம் இல்லை. ஆகவே நொதி தன் வாயில் தன்னையே கவ்விக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருக்கிறது.

செரினுக்கும் அலனினுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. 1987-இல் ஹவுஸும் கெம்ப்பும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தத் துண்டைத் தனியாகச் செய்து கொடுத்தபோது அது நொதியைத் தடுத்தது. அதே துண்டில் 25-ஆம் கண்ணியான அலனினை எடுத்துவிட்டுச் செரினை வைத்தார்கள். தடுத்த அதே துண்டு இப்போது நொதிக்கு அருமையான உணவாகி, வேகமாகப் பாஸ்பேட் வாங்கிக்கொண்டது. ஓர் அணுவைச் சேர்ப்பதும் எடுப்பதும் உறக்கத்துக்கும் வேலைக்கும் உள்ள தூரம். பரிணாமம் அந்த அணுவை எடுத்துவிட்ட இடத்தை நினைக்கும்போதெல்லாம், வேண்டாத ஓர் அசையை வெட்டி வரியை நிறுத்திய பழைய பாட்டுக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இனி எழுவது. கால்சியம் வந்ததும் கைனேஸ்-சியின் ஒரு பகுதி அதைப் பிடித்துக்கொண்டு சவ்வின் உட்புறத்தில் ஒட்டுகிறது. இந்த ஒட்டு வலுவானது அல்ல. ஆனாலும் தேடும் பரப்பு சுருங்கிவிட்டது. இதுவரை செல்லின் முழுக் கொள்ளளவிலும் அலைந்தது, இனி சவ்வின் தளத்தில் மட்டும் அலைந்தால் போதும். அங்கே டையசைல்கிளிசரால் கிடக்கிறது. நொதியின் இன்னொரு பகுதி அதைக் கண்டு பற்றுகிறது. இரண்டு பிடியும் சேர்ந்து இழுக்கும்போதுதான் வாயை அடைத்த துண்டு வெளியே வருகிறது. ஒரு பிடி மட்டும் இருந்தால் போதாது. சேதி உண்மையானதுதானா என்று இரண்டு வேறு வழிகளில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இந்த நொதி வாய் திறக்கிறது.

இதையெல்லாம் கோபே பல்கலைக்கழகத்தில் யசுடோமி நிஷிசுகாவின் குழு மெல்ல மெல்லக் கண்டறிந்தது. 1977-இல் மூளைத் திசுவில் இந்த நொதி கிடைத்தபோது, வேறொரு நொதி வந்து வெட்டினால்தான் இது வேலை செய்யும் என்று தோன்றியது. பிறகு வெட்டவே வேண்டாம், கால்சியமும் சவ்வின் கொழுப்பும் போதும் என்று தெரிந்தது. மூளையிலிருந்து எடுத்த, அவ்வளவாகச் சுத்தம் செய்யாத கொழுப்பு மட்டும் அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்தது. அதில் கலந்திருந்த அசுத்தம்தான் டையசைல்கிளிசரால். சுத்தம் போதாத ஒரு குப்பியைக் கொட்டிவிடாமல், அது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டவர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

தில்லைப் பாலின் கதை இதே ஆய்வகத்தில்தான் வந்து சேர்கிறது, ஆனால் வேறு ஒரு மரத்தின் வழியாக. நம் சித்த மருத்துவத்தில் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளம் எல்லாருக்கும் தெரியும். சுத்தி செய்யாமல் அதைத் தொடக்கூடாது என்பதும் தெரியும். நேர்வாள எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகும். 1941-இல் ஐசக் பெரன்பிளம் எலித்தோலில் அதைத் தடவிப் பார்த்து, புற்றுநோயைத் தானே தொடங்காவிட்டாலும் தொடங்கியதை அது வளர்த்துவிடுகிறது என்று காட்டினார். அதிலிருக்கும் ஃபோர்பால் எஸ்டர்களை 1960-களில் ஹைடல்பெர்க்கில் எரிக் ஹெக்கர் பிரித்தெடுத்தார். அவை செல்லில் எங்கே போய் உட்காருகின்றன என்பது மட்டும் தெரியாமலே இருந்தது. பிரான்சிலிருந்து மோனிக் காஸ்தான்யா கோபேக்கு வந்து சேர்ந்து செய்த வேலை 1982-இல் வெளியாயிற்று. ஃபோர்பால் எஸ்டர் நேராகக் கைனேஸ்-சியை எழுப்புகிறது. ஏற்பி வேண்டாம், ஹார்மோன் வேண்டாம், கொழுப்பை வெட்டவும் வேண்டாம். டையசைல்கிளிசரால் அமரும் அதே இடத்தில் அது அமர்ந்துவிடுகிறது.

எப்படி அமர்கிறது என்பதை 1995-இல், தில்லையின் மூலக்கூறு பிரிக்கப்பட்ட அதே ஆண்டில், ஜேம்ஸ் ஹர்லி, பீட்டர் பிளம்பர்க் முதலானோர் படிகமாக்கிப் படம் எடுத்துக் காட்டினார்கள். கைனேஸ்-சியின் அந்தப் பகுதியில் ஐம்பது கண்ணிகள்தான். இரண்டு துத்தநாக அயனிகள் அதை இழுத்துக் கட்டி மடித்து வைத்திருக்கின்றன. அதன் உச்சியில் இரண்டு இழைகள் சற்றே விலகி ஒரு சிறு பிளவை விட்டிருக்கின்றன. உச்சியைச் சுற்றிலும் எண்ணெய்க்கு ஒத்த கண்ணிகள். சவ்வுக்குள் புதைய அவற்றுக்கு ஆசை. நடுவில் இருக்கும் பிளவு மட்டும் நீருக்கு ஒத்தது. நீருக்கு ஒத்த ஓரிடத்தை எண்ணெய்க்குள் அமுக்க முடியாது. அந்தச் சிறு பிளவு ஒன்றுதான் முழு நொதியையும் வெளியே நிறுத்தி வைக்கிறது.

ஃபோர்பால் அந்தப் பிளவுக்குள் தன் ஆக்சிஜன் முனையைச் செருகுகிறது. உள்ளே புரதத்தின் முதுகெலும்போடு ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டிக்கொள்கிறது. வெளியே தெரிவது அதன் எண்ணெய் முதுகு மட்டும். பிளவு மூடிக்கொண்டது. உச்சி முழுவதும் எண்ணெய்க்கு ஒத்த பரப்பாகிவிட்டது. புரதம் இதற்காகத் தன் வடிவத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றிக்கொள்ளவே இல்லை என்பதுதான் என்னை வியக்க வைத்தது. திருகவில்லை, புரளவில்லை. குறையாக இருந்த ஒரு பரப்பு நிறைவானது. நிறைவானதும் சவ்வுக்குள் புதைந்தது.

பொருத்தத்தின் கூர்மைக்கு ஓர் அளவு சொல்கிறேன். ஃபோர்பாலின் நான்காம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் குழு இருக்கிறது. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அந்த ஒரு குழு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிய ஒரு வடிவமும் உண்டு. அது கைனேஸ்-சியை எழுப்புவதில்லை. அதனால்தான் ஆய்வகங்களில் ஃபோர்பாலின் விளைவைச் சரிபார்க்க, இந்தத் திரும்பிய வடிவத்தையும் ஒரு குழாயில் போட்டு வைப்பார்கள். அந்தக் குழாயில் ஒன்றும் நடக்கக் கூடாது.

ஏமாற்றுதான் இது. கன்று இறந்த பசுவின் முன் வைக்கோல் கன்றை நிறுத்தினால் அது நக்கிக்கொண்டே பால் சுரக்கும். ஆனால் வைக்கோல் கன்றுக்குப் பசி தீர்வதில்லை, அது விலகிப் போவதும் இல்லை. உண்மையான டையசைல்கிளிசராலுக்கு ஆயுள் குறைவு. அது உண்டான உடனேயே, கொழுப்பில் பாஸ்பேட் ஒட்டும் இன்னொரு கைனேஸ் அதைத் தேடி வந்து அதன் தலையில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது; ஒட்டியதும் அது வேறு கொழுப்பு, கைனேஸ்-சிக்கு அது அடையாளம் தெரியாது. கால்சியத்தையும் செல் விரைவாகவே சேமிப்புக்குள் இறைத்துவிடும். இரண்டு பிடியும் தளர, கைனேஸ்-சி சவ்விலிருந்து கழன்று, பழைய துண்டைப் பழையபடி வாயில் கவ்விக்கொண்டு மிதக்கப் போகிறது. ஒரு கைனேஸின் வேலையை இன்னொரு கைனேஸ் முடித்து வைக்கிறது. ஃபோர்பாலை முடித்து வைக்க அப்படி யாரும் இல்லை. பாஸ்பேட் ஒட்டித் தீர்க்கும் நொதி அதை அறியாது. அது டையசைல்கிளிசராலைவிடப் பல மடங்கு இறுக்கமாகவும் உட்காருகிறது. மணிக்கணக்கில் வாய் திறந்தபடியே இருக்கும் கைனேஸ்-சியை, வேறு வழியில்லாமல், செல் தானே அழித்துவிடுகிறது. நாள் முழுதும் ஃபோர்பாலில் கிடந்த செல்லில் தேடினால் கைனேஸ்-சி ஏறக்குறைய இருக்காது.

இதுவரை சொன்னது ஏற்பி கைனேஸை எழுப்பும் பக்கம். கைனேஸ் ஏற்பியிடம் திரும்பிப் பேசும் பக்கமும் உண்டு. என் கண்ணுக்கு அதுதான் இன்னும் நயமானது.

தோலின் செல்களை வளரச் சொல்லும் ஓர் ஏற்பி இருக்கிறது, ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பி. 1984-இல் டோனி ஹண்டரின் குழு அதில் ஒன்றைக் கண்டது. இந்த ஏற்பி சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்ததும், சில கண்ணிகள் தள்ளி, 654-ஆம் இடத்தில் ஒரு திரியோனின். கைனேஸ்-சி அதில் ஒரு பாஸ்பேட் ஒட்டுகிறது. ஒட்டுவது உள்ளே. மாற்றம் தெரிவதோ வெளியே: வளர்ச்சிக் காரணியை அந்த ஏற்பி முன்போல இறுகப் பிடிப்பதில்லை. வாசல் கதவுக்கு உட்புறம் ஓர் இடத்தில் சின்னப் பாஸ்பேட் ஒன்று ஒட்ட, வெளியே நிற்கிறவரை வரவேற்கும் வேகம் குறைகிறது. செல் வேலையில் மூழ்கியிருக்கும்போது மேலும் மேலும் கட்டளை வந்து குவியாதபடி பார்த்துக்கொள்ளும் வழி இது.

வலியைச் சொல்லும் ஏற்பியில் நடப்பது இதற்கு நேர் எதிர். மிளகாயின் காரத்தை நாம் உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியே சூட்டையும் உணர்த்துகிறது. சாதாரணமாக 42, 43 டிகிரிக்கு மேல் போனால்தான் அது திறக்கும். அதனால்தான் வெந்நீர் ஒரு கட்டத்துக்கு மேல் சுடுகிறது. அதன் 502-ஆம் இடத்திலும் 800-ஆம் இடத்திலும் உள்ள செரின்களில் கைனேஸ்-சி பாஸ்பேட் ஒட்டினால், திறக்கும் சூடு கீழே இறங்கிவிடும். உடம்பின் 37 டிகிரிக்கும் கீழே. அப்போது வெளியிலிருந்து நெருப்பு எதுவும் வர வேண்டியதில்லை. நம் ரத்தத்தின் சொந்தச் சூடே அந்த இடத்தைச் சுடுகிறது. புண்ணான தோல் ஏன் எரிகிறது என்று நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இந்த இரண்டு செரின்களைப் படித்த நாள் மறக்காது. ஃபோர்பால் எஸ்டர்களும் கைனேஸ்-சியை எழுப்பி இந்த ஏற்பியைக் கூர்மையாக்கிவிடுகின்றன. வெள்ளை ரத்த அணுவிலோ அவை வேறொரு கதவைத் திறக்கின்றன: கிருமியைக் கொல்ல அந்த அணு உண்டாக்கும் ஆக்சிஜன் நச்சை, கிருமியே இல்லாத இடத்தில், வாரி இறைக்கச் சொல்கின்றன. சிவப்பும் வீக்கமும் எரிச்சலும் எல்லாம் உடம்பின் சொந்தச் சரக்கு. மரம் அனுமதி மட்டுமே கொடுத்தது.

கண்ணைக் குருடாக்கும் மரத்தைப் பற்றிப் பேசும்போது கண்ணுக்குள்ளே இருக்கும் ஒரு கைனேஸைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விழித்திரையின் கோல் செல்லில் இருக்கும் ரொடாப்சினும் சவ்வை ஏழு முறை ஊடுருவிய ஏற்பிதான், அட்ரினலின் ஏற்பியின் இனம்தான். அதற்கு ஹார்மோன் ஒளி. ஒரே ஓர் ஒளித்துகள் பட்டாலும் எழுந்துவிடும். எழுந்த ரொடாப்சினைப் படுக்க வைக்காவிட்டால், அந்த ஒரு துகளின் ஒளி முடியவே முடியாது. அதைப் படுக்க வைப்பதற்கென்றே ரொடாப்சின் கைனேஸ் இருக்கிறது. அதன் நுணுக்கம், எழுந்த ரொடாப்சினை மட்டுமே அது தொடும் என்பது. பக்கத்தில் கோடிக்கணக்கில் உறங்கும் ரொடாப்சின்கள் இருந்தாலும் அவற்றின் வாலில் கை வைக்காது. எழுந்ததன் வாலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பாஸ்பேட் ஒட்டும். மூன்றாவது வந்ததும் அரெஸ்டின் என்ற புரதம் வந்து மூடிக்கொள்ளும். எலியின் கண்ணில் இதெல்லாம் நடந்து முடிய ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் ஆகிறது.

ஜப்பானில் 1907-இல் ஒகுச்சி என்ற கண் மருத்துவர் விளக்கிய ஒரு நோய் உண்டு. பகலில் பார்வை சரியாக இருக்கும். இருட்டில் கண் பழகவே மணிக்கணக்கில் ஆகும். விழித்திரையைப் பார்த்தால் பொன்னிறமாகப் பளபளக்கும். நெடுநேரம் இருட்டில் வைத்தால் அந்தப் பொன்னிறம் மறைந்துவிடும். பின்னாளில் இதன் காரணத்தைத் தேடியபோது சிலரிடம் அரெஸ்டினும், சிலரிடம் ரொடாப்சின் கைனேஸும் பழுதாகியிருந்தன. ஒளியைப் பார்ப்பதில் அவர்களுக்குக் குறையே இல்லை. பார்த்த ஒளியை அணைக்க முடியாததுதான் குறை. முன்பே வந்து போன வெளிச்சத்தின் சத்தத்தில், இருட்டில் வரும் மெல்லிய வெளிச்சம் அவர்களுக்குக் கேட்பதில்லை. ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் அட்ரினலின் ஏற்பிக்கும் இதே போன்ற கைனேஸும் அரெஸ்டினும் இருப்பதைக் காட்டினார். 2012-இல் அவருக்கும் பிரையன் கோபில்காவுக்கும் கிடைத்த நோபல் பரிசில் இந்த வேலையின் பங்கு பெரிது. நம் இதயமும் நம் கண்ணும் ஒரே இலக்கணத்தில் அமைதியாகின்றன.

ஃபோர்பால் இனத்தையும் அதன் உறவுகளையும் மருந்தாக்கும் முயற்சிகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியக் காட்டு மரம் ஒன்றின் விதையிலிருந்து எடுத்த திகிலனால் திக்லேட், நாய்களின் ஒருவகைத் தோல் கட்டிக்கு 2020-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கட்டிக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். சமோவாவின் மரமொன்றிலிருந்து வந்த புரோஸ்ட்ராட்டின், செல்லுக்குள் ஒளிந்து உறங்கும் எய்ட்ஸ் வைரஸைக் கைனேஸ்-சி வழியாக எழுப்பிவிடுகிறது. எழுந்த வைரஸைத்தான் மருந்தால் பிடிக்க முடியும் என்பதால் அதற்கு மதிப்பு. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. சாலையோரச் சிறு கள்ளி இனச் செடியிலிருந்து வந்த இஞ்செனால் மெபியூட்டேட், தோல் தடிப்புகளுக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, தோல் புற்றுநோய்க் கவலையால் 2020-இல் ஐரோப்பாவில் விலக்கிக்கொள்ளப்பட்டது. எழுப்புவது எளிது. எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான் மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் நிற்கிறது. தில்லைப் பாலை யாரும் கைவைத்தியமாக முயன்று பார்க்க வேண்டாம் என்று நான் மன்றாடுவதும் அதனால்தான்.

தில்லையின் சொந்தச் செல்களில் கைனேஸ்-சி கிடையாது. பூக்கும் தாவரங்கள் எதிலும் அது இல்லை. தன்னிடம் இல்லாத ஒரு நொதியின் ஐம்பது கண்ணிப் பிளவுக்கு, அந்த நொதியின் சொந்தக் கொழுப்பைவிடப் பொருத்தமான ஒரு மூலக்கூறை மரம் செய்து பாலில் கரைத்து வைத்திருக்கிறது. இலை தின்ன வந்த விலங்குகள் எந்தக் கிளையை விட்டுவிட்டுப் போயினவோ, அதன் வித்து முளைத்தது. தலைமுறை தலைமுறையாக இந்த ஒரே சலிப்பில் அந்த ஆக்சிஜன் முனை கூர்மையாயிற்று. இன்னும் வியப்பு என்னவென்றால், ஆமணக்குக் குடும்பம் மட்டும் இதைச் செய்யவில்லை. அகில் மரத்தின் குடும்பமும், உறவில் இவ்வளவு தள்ளியிருந்தும், அதே எலும்புக்கூட்டில் அதே வகை எஸ்டர்களைச் செய்கிறது. நேர்வாளமும் தில்லையும் அகிலின் உறவுகளும் தங்களுக்குள் எந்தச் சேதியும் பரிமாறிக்கொள்ளாமல், விலங்குச் செல்லின் அந்த ஒரு பிளவில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.